சுத்துற சத்தம் வாங்கப் போறீங்களா பாஸ்?

டேபிள் ஃபேன் முன்னாடி உட்கார்ந்து ‘ஆஆஆ...’ன்னு கத்தாத குழந்தை நம்ம ஊர்ல உண்டா? குரல் அப்படியே நெளிஞ்சு, நடுங்கி, ரோபோ மாதிரி திரும்பி வரும். அம்மா வந்து முதுகுல ஒண்ணு வைக்கிற வரைக்கும் கச்சேரி ஓடும்!

கிட்டத்தட்ட அதே விளையாட்டை ஒருத்தர் சீரியஸா எடுத்துக்கிட்டார். பீரோ சைஸ் மரப்பெட்டிக்குள்ளே மோட்டார் வெச்சு, ஸ்பீக்கர் சத்தத்தையே சுத்த விட்டார். அந்தப் பெட்டிக்குப் பேர் லெஸ்லி ஸ்பீக்கர். எடை 60 கிலோவுக்கு மேல. இன்னிக்கு அதே சத்தத்தை உள்ளங்கை சைஸ் டப்பாவுல அடைச்சு, ‘ரோட்டரி பெடல்’னு விக்கிறாங்க. கிடார் வயரை இந்தப் பக்கம் சொருகினா, அந்தப் பக்கம் ஆர்கன் மாதிரி அலையடிச்சு வெளியே வரும்.

ஆனா, கடையில போய் ‘அண்ணே, சுத்துற சத்தம் ஒண்ணு கொடுங்க’ன்னு கேட்டு வாங்கிட முடியாது. எங்க பேண்ட் அப்படித்தான் கேட்டு, நல்லா வாங்கிக்கட்டிக்கிச்சு!

3,500 ரூபாய் பாடம்

எங்க ஹாஸ்டல் பேண்டில் மொத்தம் அஞ்சு பேர். கீபோர்டு வாசிச்சவனுக்கு கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைச்சு, பெங்களூருக்கு பஸ் ஏறிட்டான். சந்தோஷம்தான். ஆனா, கல்ச்சுரல்ஸுக்கு ஆறே வாரம். லிஸ்ட்டில் இருந்த முக்கியமான பாட்டு முழுக்க பின்னாடி ஆர்கன் ஓடணும். அது இல்லேன்னா பாட்டு, பல்லு போன தாத்தா மாதிரி சிரிக்கும்.

‘ஆர்கனை நான் கிடார்லயே கொண்டு வர்றேன் மச்சி’ன்னு கிடாரிஸ்ட் நெஞ்சைத் தட்டினான். எட்டு மாசம் பத்தாம் வகுப்புப் பசங்களுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த 14,000 ரூபாய் அவன் கையில். ஒரு கடைக்குப் போனோம். பெயர் வேண்டாமே! ‘ரொட்டேட்டிங் ஸ்பீக்கர் மாதிரி ஒரு பெடல் வேணும்ணே.’ ‘எல்லாம் ஒண்ணுதான் தம்பி, இதுவும் சுத்தும்’னு ஒரு கோரஸ் பெடலைக் கையில் திணிச்சார். 3,500 ரூபாய் காலி.

ராத்திரி பிராக்டீஸ். பெடலை மிதிச்சு வாசிச்சான். டிரம்மர் குச்சியைக் கீழே வெச்சுட்டுக் கேட்டான்: ‘ஏண்டா தண்ணித் தொட்டிக்குள்ள உட்கார்ந்து வாசிக்கறே?’

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சோம், கேட்டோம், நாலு பேர்கிட்டே விசாரிச்சோம். இந்தக் கட்டுரை அந்த 3,500 ரூபாய் பாடத்தோட ஜெராக்ஸ் காப்பி!

பெட்டிக்குள்ளே என்ன இருக்கு?

திருவிழாவில் குடை ராட்டினம் பார்த்திருப்பீங்க. அதுல உங்க ஃப்ரெண்ட் ஒருத்தன் நாதஸ்வரம் வாசிச்சுக்கிட்டே சுத்தறான்னு வெச்சுக்குங்க. உங்களை நோக்கி வரும்போது சுருதி ஒரு இழை ஏறும். விலகிப் போகும்போது ஒரு இழை இறங்கும். பக்கத்துல வர்ற ஆம்புலன்ஸ் சத்தம் தாண்டிப் போனதும் ‘தொய்’னு இறங்குதே, அதே டாப்ளர் விளைவுதான். அது மட்டுமில்லை... உங்களுக்கு நேரா திரும்பும்போது சத்தம் பெருசா, பளிச்னு இருக்கும். அந்தப் பக்கம் திரும்பினா சின்னதா, மங்கலா கேட்கும். ஆக சுருதி, சத்தம், பளபளப்பு, திசை நாலும் ஒரே நேரத்தில் மாறுது.

லெஸ்லி பெட்டியில் இந்த மாதிரி ராட்டினம் ஒண்ணு இல்லை, ரெண்டு. மேலே ஒரு ஹார்ன். அதுக்கு ரெண்டு வாய். ஒரு வாய்தான் வேலை செய்யும். இன்னொண்ணு பேலன்ஸுக்காக சும்மா கூடவே சுத்தும். (எல்லா பேண்டிலும் இப்படி ஒருத்தன் உண்டு!) கீழே 15 இன்ச் பாஸ் ஸ்பீக்கர் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும். அதுக்கு அடியில் சுத்தற டிரம். 800 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கற சத்தம் ஹார்னுக்கு, கீழே இருக்கறது டிரம்முக்கு. ரெண்டும் எதிரெதிர் திசையில் சுத்தும்.

வேகம் ரெண்டு. மெதுவில் ஹார்ன் நிமிஷத்துக்கு 40, 50 சுத்து. வேகத்தில் சுமார் 400 சுத்து. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஹார்னோட வாய் நடுவிலிருந்து சுமார் 18 சென்டிமீட்டர் தள்ளி இருக்கு. முழு வேகத்தில் அது விநாடிக்கு ஏழு மீட்டருக்கு மேல ஓடுது. அதாவது மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல... டவுன் பஸ் ஸ்பீடு! சத்தத்தோட வேகம் விநாடிக்கு சுமார் 343 மீட்டர். அப்போ சுருதி ரெண்டு சதவீதம் ஏறி இறங்கும். கிடாரில் ஒரு ஃப்ரெட்டுக்கும் அடுத்த ஃப்ரெட்டுக்கும் இருக்கற இடைவெளியில் சுமார் மூணில் ஒரு பங்கு. மெதுவில் அது பத்துல ஒரு பங்குகூட வராது. அதனாலதான் மெதுவில் தாலாட்டு, வேகத்தில் படபடப்பு.

கடைசியா முக்கியமான மேட்டர். வேகத்தை மாத்தினா, லேசான ஹார்ன் ஒரு விநாடியில் பறக்கும். கனமான டிரம் சோம்பேறி. நாலஞ்சு விநாடி எடுத்துக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவில் வர்ற ‘ஊஊவ்வ்...’ங்கற அந்த இழுவை இருக்கே, லெஸ்லியோட உயிரே அதுதான்.

வேண்டாம்னு சொன்ன கம்பெனி

இதைச் செஞ்ச டான் லெஸ்லி, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் ரிப்பேர் வேலை பார்த்தவர். ஹேமண்ட் எலக்ட்ரிக் ஆர்கன் 1935-ல் வந்து சக்கைப் போடு போட்டுக்கிட்டிருந்த நேரம். பெரிய ஹாலில் கேட்டப்போ சொர்க்கமா இருந்த ஆர்கன், வீட்டுச் சின்ன அறையில் சப்புனு இருந்துச்சு. சர்ச்சுகளில் இருக்கற குழாய் ஆர்கனில் சத்தம் பல குழாய்களிலிருந்து, பல திசையிலிருந்து வரும். ‘அந்த அசைவு இதுல இல்லையே’ன்னு யோசிச்சவர், ஸ்பீக்கர் சத்தத்தைச் சுத்த விட்டுப் பார்த்தார். அடிச்சது லக்கி பிரைஸ்!

ஆசை ஆசையா ஹேமண்ட் கம்பெனிக்கே எடுத்துட்டுப் போய்க் காட்டினார். ‘வேண்டாம்’னு சொல்லிட்டாங்க. மனுஷர் சோர்ந்து போகலை. 1941-ல் தானே தயாரிச்சு விக்க ஆரம்பிச்சார். லெஸ்லியை விக்க வேண்டாம்னு தன் டீலர்களுக்கு ஹேமண்ட் கம்பெனி சொல்லிப் பார்த்தது. வாசிக்கறவங்க கேட்கலை. ஹேமண்ட் வாங்கினா லெஸ்லியும் வாங்கணும்னு ஆகிப்போச்சு. 1965-ல் தன் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு வித்தார். 1980-ல் அந்த லெஸ்லியை விலை கொடுத்து வாங்கினது யார் தெரியுமா? சாட்சாத் அதே ஹேமண்ட் கம்பெனிதான்! இன்டர்வியூவில் ரிஜெக்ட் ஆன மக்களே... இந்தப் பாராவை மட்டும் கட் பண்ணி ரூம் சுவத்துல ஒட்டிக்குங்க.

கிடார்காரங்க கைக்கு வந்த கதை

1966, லண்டன். பீட்டில்ஸ் குழு ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாட்டைப் பதிவு செய்யறாங்க. ‘மலை உச்சியிலிருந்து தலாய் லாமா ஓதற மாதிரி என் குரல் இருக்கணும்’னு ஜான் லெனன் கேட்கறார். இன்ஜினீயர் ஜெஃப் எமெரிக்குக்கு அப்போ வயசு இருபதுதான். ஆர்கனுக்கான லெஸ்லியில் லெனன் குரலை விட்டுட்டார்! லெனனுக்கு அது பிடிச்சுப்போய், ‘என்னைக் கயித்துல கட்டித் தொங்கவிட்டு மைக்கைச் சுத்தி ஆட்டினா இதே சத்தம் வருமா?’ன்னு கேட்டதா ஒரு கதை உண்டு.

அப்புறம் கிடார்களும் உள்ளே நுழைஞ்சது. 1969-ல் வந்த க்ரீம் குழுவின் ‘பேட்ஜ்’ பாட்டில் நடுவுல மினுமினுத்துக்கிட்டு வர்ற கிடாரைக் கேளுங்க. பீட்டில்ஸின் ‘லெட் இட் பி’ 1970-ல் ரெண்டு வடிவத்தில் வந்தது. சிங்கிளில் ஜார்ஜ் ஹாரிசனின் சோலோ லெஸ்லி வழியா வரும். ஆல்பத்தில் வேற சோலோ. ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டா, பத்து நிமிஷத்தில் காது டிகிரி வாங்கிடும்.

கிடாருக்குன்னே ஃபெண்டர் கம்பெனி ‘வைப்ரடோன்’னு ஒரு பெட்டி போட்டது. இதுல ஹார்ன் கிடையாது. ஒரு ஸ்பீக்கர் முன்னாடி ஒரே ஒரு டிரம் சுத்தும். ஸ்டீவி ரே வான் 1984-ல் வாசிச்ச ‘கோல்டு ஷாட்’ அந்த ரகம். சவுண்ட்கார்டன் குழுவின் ‘பிளாக் ஹோல் சன்’ (1994) கிடாரிலும் லெஸ்லி ராஜ்ஜியம்தான்.

குழப்பற தம்பிங்க நாலு பேர்!

கடையில் உங்களை ஏமாத்தறது இந்த நாலு தம்பிங்கதான். அடையாளம் தெரிஞ்சு வெச்சுக்குங்க.

ட்ரெமோலோ: சத்தம் மட்டும் ஏறி இறங்கும். சுருதி அசையாது.

வைப்ராட்டோ: சுருதி மட்டும் ஆடும்.

கோரஸ்: உங்க வாசிப்போட, கொஞ்சம் லேட்டா, லேசா சுருதி ஆடற ஒரு நகலைக் கலக்கும். ரெண்டு பேர் சேர்ந்து வாசிக்கற மாதிரி இருக்கும். அழகுதான், ஆனா சுத்தாது. (எங்க 3,500!)

யூனி-வைப்: இதுதான் கில்லாடி. ஜப்பானின் ஃபுமியோ மியேடா 1960-களில் வடிவமைச்சது. உள்ளே ஒரு குட்டி பல்பு மின்னும், அதைச் சுத்தி ஒளியை உணரும் நாலு செல்கள். லெஸ்லிக்கு மாற்றுன்னு பலரும் நினைச்சாங்க. ஆனா, ரேடியோவில் மாஸ்கோ ஒலிபரப்பு அலைஅலையா வந்து போனதைக் கேட்டுத்தான் இந்த யோசனை வந்துச்சுன்னு மியேடா சொல்லியிருக்கார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1969-ல் வுட்ஸ்டாக் மேடையில் மிதிச்சது இதைத்தான். பிங்க் ஃபிளாய்டின் ‘ப்ரீத்’ (1973) பாட்டிலும் இதே சத்தம். உங்க மனசுல ஓடறது அந்த மாதிரி மிதக்கற சத்தம்னா, நீங்க தேடறது ரோட்டரி பெடலே இல்லை, வைப் பெடல். முதல்ல அதை முடிவு பண்ணுங்க. பாதிப் பணம் அங்கேயே மிச்சம்!

கடையில ஏழு டெஸ்ட்!

1. ஸ்பீடு மாத்துங்க: ஒரு கார்டை மீட்டிவிட்டு, வேகத்திலிருந்து மெதுவுக்கு மாத்துங்க. மேல் சத்தம் முதலில் அடங்கி, கீழ் சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் உருண்டுக்கிட்டே இருக்கணும். ரெண்டும் ஒரே நொடியில் டக்குனு மாறினா, அது பொம்மை. வெச்சுட்டு வாங்க.

2. கால் சுவிட்ச் எத்தனை? ஆன்-ஆஃப் ஒண்ணு, வேகம் மாத்த இன்னொண்ணுன்னு ரெண்டு இருந்தா உத்தமம். கையால குனிஞ்சு மாத்தற மாதிரி இருந்தா, ஸ்டேஜ்ல பாட்டு நடுவுல செருப்புத் தேடற மாதிரி நிப்பீங்க!

3. மோனோவில் கேளுங்க: ஸ்டீரியோவில், ஹெட்போனில் எல்லா ரோட்டரியும் தேவலோகம்தான். ஆனா உங்ககிட்ட இருக்கறது ஒரே ஆம்ப். காலேஜ் மேடையிலும் பல இடத்தில் ஒரே மைக். அதனால ஒரே ஆம்பில் சொருகிக் கேட்டு முடிவு பண்ணுங்க.

4. மெதுவில் ரெண்டு நிமிஷம்: வேகமா சுத்தினா எல்லாமே பிரமாதமா தோணும். மெதுவில்தான் சாயம் வெளுக்கும். அலை மாதிரி வந்து போகணும். கிணத்து ராட்டினம் மாதிரி கிறீச்சுனு ஒரே தாளத்தில் இழுத்தா வேண்டாம்.

5. டிரைவ் இருக்கா? நிஜ லெஸ்லியில் வால்வ் ஆம்ப் உண்டு. கூட்டி வெச்சா லேசா கரகரக்கும். அந்தக் கரகரப்பு பெடலில் இருந்தா நல்லது. இல்லேன்னா உங்க ஓவர்டிரைவை ரோட்டரிக்கு முன்னாடி வைங்க. நிஜப் பெட்டியிலும் ஆம்ப்தான் முதல்ல, சுத்தறது அப்புறம். ரிவெர்ப் கடைசியில். பெட்டிக்கு வெளியேதானே ரூம் இருக்கு!

6. சத்தம் குறையுதா? பெடலை ஆன் பண்ணும்போது கிடார் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கக் கூடாது. லெவல் திருகு இருக்கான்னு பாருங்க.

7. கரண்ட் கணக்கு: டிஜிட்டல் பெடல்கள் மில்லி ஆம்பியரை மடக்மடக்னு குடிக்கும். சிலது 9 வோல்ட், சிலது 12 வோல்ட். பெடல் பின்னாடி எழுதியிருக்கற வோல்ட், மில்லி ஆம்பியர், பிளஸ்-மைனஸ் குறி மூணையும் செல்போனில் படம் பிடிச்சுட்டுத்தான் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அடாப்டர் வாங்கப் போகணும். தப்பான அடாப்டர் போட்டா, பெடலுக்கு அன்னிக்கே பால்!

பட்ஜெட் பத்மநாபன்களுக்கு...

பர்ஸ் கனமா இருக்கறவங்களுக்கு: ஜெர்மனியின் நியோ இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்ட வென்டிலேட்டர் வரிசை, அமெரிக்காவின் ஸ்ட்ரைமன் லெக்ஸ். லெஸ்லி வாசிச்சுப் பழகினவங்களே மதிக்கற பெயர்கள். விலையைக் கேட்டா ஹாஸ்டல் ஃபீஸ் ஞாபகம் வரும். நியோவிலேயே ‘கோல்டு ஷாட்’ ரகத்துக்கு மைக்ரோ வென்ட் 16னு குட்டி ஒண்ணு உண்டு.

நடுவாந்தரம்: எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் லெஸ்டர் ஜி. கிடாருக்குன்னே செஞ்சது. இன்னொண்ணு பாஸ் ஆர்டி-20. கடைகளில் புதுசா வர்றது நின்னு போச்சு, ஆனா செகண்ட் ஹேண்டில் தேடலாம். கால் சுவிட்ச் ரெண்டு. சுத்தற மாதிரியே ஓடற லைட்டும் உண்டு.

சிக்கனம்: டி.சி. எலக்ட்ரானிக்கின் வைப்ராக்ளோன், பெஹ்ரிங்கரின் ஆர்எம்600. ஆர்எம்600-க்கு பிளாஸ்டிக் உடம்பு. பார்த்து மிதிங்க!

ஓசி: உங்க காலேஜ் மியூஸிக் கிளப் அலமாரியில் தூசி படிஞ்சு ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி கிடக்கும். அதுல ‘ரோட்டரி’ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கான்னு தேடுங்க. பெரும்பாலும் இருக்கும்!

செகண்ட் ஹேண்டில் வாங்கறவங்க, சுவிட்ச் ரெண்டையும் இருபது தடவை மிதிச்சுப் பாருங்க. திருகுகளைத் திருப்பும்போது கரகரன்னா யோசிங்க. ஒரிஜினல் அடாப்டரையும் கேட்டு வாங்குங்க.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி!

எல்லாம் படிச்சு முடிச்சதும், எங்காளு கண்ணுல ஸ்ட்ரைமன் மின்ன ஆரம்பிச்சது. மிச்சம் 10,500. பாக்கிக்கு அக்காகிட்ட கடன் கேட்கறதுன்னு முடிவே பண்ணிட்டான். அப்போ, எப்பவும் பேசாத பாஸ் கிடாரிஸ்ட் வாயைத் திறந்தான். (அந்த ரெண்டாவது வாய்!) ‘எத்தனை பாட்டுக்குடா இது?’

விரல் விட்டு எண்ணினோம். ஒண்ணு. இழுத்துப் பிடிச்சா ஒண்ணரை.

எல்லாரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். மறுநாள் மியூஸிக் கிளப் அலமாரியைக் கிண்டினோம். பழைய மல்டி எஃபெக்ட்ஸ். வேகம் மாத்த கால் பெடலை ஒதுக்க முடிஞ்சது. டிரம் அவ்வளவு சோம்பேறியா இல்லை, ஹார்ன் அவ்வளவு பளிச்னு இல்லை. ஆனா, கிடாரிஸ்ட் வாசிப்பை மாத்திக்கிட்டான். படபடன்னு மீட்டறதை விட்டுட்டு, ஆர்கன்காரன் மாதிரி கார்டை நீளமாப் பிடிச்சான். வால்யூம் திருகைச் சுண்டுவிரலால் மெதுவா ஏத்தினான். பல்லவிக்கு மெதுவு, சரணம் ஏறும்போது ஒரு மிதி... வேகம்! பெடலால வந்தது பாதி, விரலால வந்தது பாதின்னு அன்னிக்குத்தான் புரிஞ்சது.

கல்ச்சுரல்ஸில் எங்களுக்குப் பரிசு கிடைக்கலை. கோரஸ் பெடலை ஜூனியர் பையனுக்கு 2,000-க்குக் கொடுத்துட்டான். ‘இது சுத்தாது தம்பி’ன்னு உண்மையைச் சொல்லித்தான் கொடுத்தான்! இப்போ 12,500 பத்திரமா பேங்க்ல இருக்கு. ரோட்டரி வேணுங்கற பாட்டு எங்க லிஸ்ட்டில் அஞ்சு சேர்ற அன்னிக்கு, ரெண்டு சுவிட்ச் வெச்ச நல்ல செகண்ட் ஹேண்ட் பெட்டி வாங்கறதா ஒப்பந்தம். இப்போ மூணு பாட்டு சேர்ந்திருக்கு.

அன்னிக்கு ராத்திரி, செல்போனில் பதிவான பாட்டை பெங்களூருக்கு அனுப்பினோம். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

‘டேய்... நான் போய் ஆறு வாரம்கூட ஆகலை. அதுக்குள்ள புதுசா எவன்டா கீபோர்டு?’

கிடாரிஸ்ட் போனை வாங்கி, டேபிள் ஃபேன் முன்னாடி பிடிச்சு, ‘நாஆஆன்ன்தாண்டாஆஆ...’ன்னான்!